ரொபி ஏன் மணலாகிறது? பாகு காய்ச்சும்போது விடும் பிழைகள்

ரொபி பிழைத்துப்போனால் எங்கள் வீட்டில் முதலில் பழி விழுவது சீனியின் தலையில்தான். "இந்த முறை வாங்கின சீனி சரியில்லை" என்பார் அம்மா. அடுத்தது மழை. அதற்கும் அடுத்தது, குசினியை எட்டிப் பார்த்துவிட்டுப் போன யாரோ ஒருவரின் நாவூறு. இந்த மூன்றில் மழையை மட்டும் நான் ஒத்துக்கொள்வேன், அதற்குப் பிறகு வருகிறேன். சீனி பாவம். கடையில் வாங்கும் வெள்ளைச் சீனியில் 99 சதவீதத்துக்கும் மேல் சுக்குரோசு என்ற ஒரே பொருள்தான். இந்தப் பைக்கும் அந்தப் பைக்கும் பெரிதாக வித்தியாசம் கிடையாது. பிழை பெரும்பாலும் தண்ணீர் விஷயத்தில் நடக்கிறது.

பாகு காய்ச்சும்போது சீனியைச் சமைக்கிறோம் என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் தண்ணீரைத் துரத்திக்கொண்டிருக்கிறோம். வெறும் தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். சீனி கரைந்த தண்ணீருக்கு அதைவிடக் கூடிய சூடு வேண்டும். தண்ணீர் வற்ற வற்ற அந்தச் சூடும் ஏறிக்கொண்டே போகும். ஆகவே வெப்பமானி காட்டும் எண், தாச்சிக்குள் இன்னும் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறது. 115 பாகையில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பங்கு சீனி, 15 பங்கு தண்ணீர். 150 பாகையைத் தொடும்போது தண்ணீர் ஓரிரு பங்குதான் இருக்கும்.

அம்மம்மா வெப்பமானியைக் கண்டதே இல்லை. ஒரு பீரிசில் பச்சைத்தண்ணீர் வைத்துக்கொண்டு, பாகில் ஒரு சொட்டை அதற்குள் விட்டுப் பார்ப்பார். இரண்டு விரலுக்கு இடையில் நூலாக இழுபட்டால் அது 106 முதல் 112 பாகை. தண்ணீருக்குள் மெத்தென்று உருண்டால் 112 முதல் 116. உருண்டை கெட்டியானால் 120ஐத் தாண்டிவிட்டது. 'டக்' என்று ஒடிந்தால் 149க்கு மேல். இரண்டு முறையும் அளப்பது ஒன்றைத்தான். பீரிஸ் உடைந்தால் வேறு பீரிஸ் இருக்கிறது என்பது அம்மம்மாவின் முறைக்குக் கூடுதல் வசதி.

சரி, பிழைகளுக்கு வருவோம். கெதியாக முடிக்கலாம் என்று தண்ணீரைக் குறைத்து ஊற்றுவது முதல் பிழை. தண்ணீர் கூடிப்போனால் ஒன்றும் கெட்டுப்போகாது. அது எப்படியும் ஆவியாகத்தான் போகிறது, காஸ் கொஞ்சம் கூடச் செலவாகும், அவ்வளவுதான். குறைந்துபோனால்தான் வில்லங்கம். சீனி முழுதாகக் கரைய முன்னமே கொதிக்கத் தொடங்கிவிடும். கரையாத மணிகள் அடியிலும் தாச்சியின் ஓரத்திலும் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

அந்த மணிகள் என்ன செய்யும் என்பதை ஒரு சித்திரை வருடப்பிறப்புக்கு முதல் நாள் நான் வடிவாகப் படித்தேன். தட்டத்தில் ஊற்றும்போது ரொபி கண்ணாடி மாதிரி மினுங்கியது. பத்து நிமிடத்தில் மினுக்கம் போய், மேலே வெள்ளை பூத்தது. வெட்டப் போனால் மணலாக உதிர்ந்தது. வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கரண்டியோடு கொடுத்தோம்.

நடந்தது இதுதான். சாதாரண அறைச் சூட்டில் 100 கிராம் தண்ணீர் ஏறத்தாழ 200 கிராம் சீனியைக் கரைத்து வைத்திருக்கும். கொதிநிலையிலோ 490 கிராமுக்குக் கிட்டக் கரைக்கும். பாகு ஆறும்போது, தாங்க முடியாத அளவு சீனி அதற்குள் அடைபட்டு நிற்கிறது. வெளியே வர அதற்கு ஒரு சாட்டுத்தான் தேவை. ஓரத்தில் ஒட்டியிருந்த ஒரேயொரு சீனி மணி விழுந்தாலும் போதும், மற்ற மூலக்கூறுகள் அதன்மேல் அடுக்கடுக்காக வந்து உட்கார்ந்து பளிங்காகிவிடும். ஒரு பளிங்கு இன்னொன்றைக் கூப்பிடும், கொஞ்ச நேரத்தில் தாச்சி முழுவதும் மணல்.

தவிர்ப்பது சுலபம். கொதி வர முன்பே, குறைந்த நெருப்பில், மணி ஒன்றும் அகப்படாத வரை கரையுங்கள். கொதி வந்ததும் இரண்டு நிமிடம் மூடி போட்டால் ஆவியே ஓரங்களைக் கழுவிவிடும். அல்லது நனைத்த தூரிகையால் ஓரத்தைத் துடைக்கலாம். சீனி ஒட்டிக் காய்ந்த அகப்பையைத் திரும்பப் பாகுக்குள் விடாதீர்கள். மணலாகிவிட்டால் வீசவும் வேண்டாம். கொஞ்சம் தண்ணீர் ஊற்றித் திரும்பக் கரைத்துக் காய்ச்சினால் சரிவரும். அதை அந்தச் சித்திரையில் யாராவது சொல்லியிருக்கலாம்.

இதைப் படித்துவிட்டுப் பளிங்கு என்றாலே கெட்டது என்று நினைப்பதும் ஒரு பிழைதான், என் கணக்கில் இதுதான் பெரிய பிழை. எந்தப் பண்டத்துக்கு எப்படிப்பட்ட பளிங்கு வேண்டும் என்று தீர்மானிக்காமலேயே அடுப்பை மூட்டிவிடுகிறோம். பனங்கற்கண்டைப் பாருங்கள். பாகை ஆட்டாமல் அசைக்காமல் நாள்கணக்கில் விட்டுவிடுகிறார்கள், பளிங்கு ஆறுதலாக வளர்ந்து கட்டி கட்டியாகிறது. கண்ணாடி போன்ற கல் மிட்டாயில் ஒரு பளிங்குகூட இருக்கக் கூடாது. பால் ரொபி இரண்டுக்கும் நடுவில். அதில் பளிங்கு வேண்டும், ஆனால் நாக்குக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாக, எண்ணிக்கையில் ஏராளமாக.

அந்தச் சின்னப் பளிங்கு எப்போது அடிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. நல்ல சூட்டில் நிற்கும்போதே போட்டு அடித்தால், முதலில் உண்டான கொஞ்சப் பளிங்குகள் பெருத்துக்கொண்டு போகும். ரொபி நறநறவென்றிருக்கும். இறக்கி வைத்து, கொதிப்பு அடங்கி, பாகு கொஞ்சம் தடிக்கும் வரை பொறுத்து, பிறகு கை ஓயாமல் அடித்தால் ஒரே நேரத்தில் எண்ணற்ற பளிங்குகள் பிறக்கும். எதற்கும் பெருக்க இடமில்லை. மினுக்கம் மங்கத் தொடங்கியதும் தட்டத்தில் ஊற்றிவிட வேண்டும். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடிக்கும். எடுத்தால் ரொபி தாச்சியிலேயே இறுகிவிடும்.

பால் ரொபியை அடி பிடிக்காமல் தொடக்கத்திலிருந்தே கிண்டத்தான் வேண்டும். ஆகவே ரின்பாலை ஊற்ற முன்பே சீனியைத் தண்ணீரில் கரைத்துவிடுங்கள். ரின்பாலில் ஏற்கெனவே பாதிக்குக் கிட்டச் சீனிதான். அதற்குள் இன்னும் சீனியைக் கொட்டிக் கரையச் சொன்னால் அது எங்கே கரையும்?

பளிங்கைத் தடுக்கத் தேசிக்காய் விடும் பழக்கம் நல்ல பழக்கம். அமிலமும் சூடும் சேர்ந்தால் சுக்குரோசு குளுக்கோசு, பிரற்றோசு என்று இரண்டாக உடையும். வேறு உருவமுள்ள இந்த மூலக்கூறுகள் நடுவில் புகுந்துகொள்வதால் சுக்குரோசுக்கு ஒழுங்காக அடுக்கி உட்கார முடியாமல் போகிறது. ஆனால் அரைக் கிலோ சீனிக்கு நாலைந்து சொட்டுப் போதும். "இன்னும் கொஞ்சம் விட்டால் இன்னும் நல்லது" என்று அரைத் தேசிக்காயைப் பிழிந்து, நெடுநேரம் காய்ச்சினால், உடைந்தது அதிகமாகி ஒருநாளும் இறுகாத பசைதான் மிஞ்சும். பால் சேரும் பண்டத்துக்குத் தேசிக்காயே வேண்டாம், திரைந்துவிடும்.

இந்த உடைவை எங்கள் பனை ஏறுபவர்கள் வேதியியல் படிக்காமலே தெரிந்து வைத்திருக்கிறார்கள். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசிக் கட்டினால்தான் கருப்பணி, அதாவது புளிக்காத இனிப்புச் சாறு, கிடைக்கும். பூசாவிட்டால் சாறு புளிக்கத் தொடங்கி, நுண்ணுயிர்கள் சுக்குரோசை உடைத்துக் கள்ளாக்கிவிடும். அப்படிப் பாதி புளித்த சாற்றை எவ்வளவு காய்ச்சினாலும் பாணியாகவே நிற்கும், குட்டானில் ஊற்றிப் பனங்கட்டியாக்க முடியாது. சுண்ணாம்பு தடுப்பதும் தேசிக்காய் செய்வதும் ஒரே உடைவுதான்.

நிறத்தைப் பார்த்துப் பதம் சொல்வது இன்னொரு பிழை. வெறும் சீனி பழுப்பாக ஏறத்தாழ 160 பாகை தாண்ட வேண்டும். பால் ரொபியோ 115இலேயே பொன்னிறமாகிவிடும். அது சீனி கருகியது அல்ல. பாலிலுள்ள புரதமும், பாலின் சீனியான இலற்றோசும் சூட்டில் சேர்ந்து செய்யும் வேலை. 1912இல் இதை எழுதி வைத்த பிரெஞ்சு வேதியியலாளர் மையாரின் பெயராலேயே அந்தத் தாக்கத்தைச் சொல்கிறார்கள். பாண் மேலோடு சிவப்பதும் பெரும்பாலும் அதனால்தான். ஆகவே பால் ரொபி சிவந்துவிட்டது என்று அவசரப்பட்டு இறக்காதீர்கள், பீரிசைக் கேளுங்கள். தண்ணீர் அளவை எப்போதும் திருத்தலாம், ஒருமுறை கறுத்த பாகைத் திருத்த வழியில்லை.

கறுப்பது பெரும்பாலும் கடைசி இரண்டு நிமிடத்தில்தான். தொடக்கத்தில் சூடு நத்தை மாதிரி ஏறும், ஏனென்றால் நெருப்பின் வலு எல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிறது. துரத்தத் தண்ணீர் தீர்ந்துபோனதும் எண் ஓடத் தொடங்கும். போதாததற்கு, தடித்த இரும்புத் தாச்சி இறக்கிய பிறகும் சூட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். முடிவில் நெருப்பைக் குறைத்து, குறித்த பாகைக்கு இரண்டு மூன்று முன்னமே இறக்கிவிடுங்கள்.

வீட்டில் செய்யும் கச்சான் அல்வா முறுமுறுவென்று வேண்டுமென்றால் பாகு 149ஐத் தாண்ட வேண்டும். பல்லில் ஒட்டுகிறது என்றால் பயந்து முன்கூட்டியே இறக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். கச்சானைச் சூடாகவே போடுங்கள், ஆறின கச்சான் விழுந்தால் பாகு அந்த இடத்திலேயே இறுகிக் கட்டியாகும். கடைசியில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட்டுக் கிண்டினால் உள்ளே குமிழி விழுந்து இலேசாகக் கடிபடும். பயற்றம் பணியாரத்துக்கு இதற்கு நேர்மாறு. நூலாக இழுபடும் கம்பிப் பதத்தோடு நிறுத்த வேண்டும், தாண்டினால் மா உருண்டை பிடிக்கவே உதிர்ந்து போகும்.

இப்போது மழை. சீனி ஈரத்தை இழுக்கும், அதிலும் பிரற்றோசு கூடுதலாக இழுக்கும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில், மழையில்லாத ஆவணியில் செய்த அதே ரொபியைக் கார்த்திகையில் அதே கணக்குக்குச் செய்தால் மறுநாள் கசியும். ஐப்பசி முதல் மார்கழி வரை ஓரிரு பாகை கூடக் காய்ச்சுங்கள். ஆறியதும் தாளில் சுற்றிக் காற்றுப் போகாத ரின்னில் அடையுங்கள். ஆற முன் அடைத்தால் அதன் ஆவியே உள்ளே வேர்த்து எல்லாவற்றையும் ஒட்டவைத்துவிடும். தேசிக்காய் விட்ட பண்டத்தை மழை நாளில் செய்யாமலே விடுவது உத்தமம்.

வெப்பமானி வாங்குகிறவர்கள் அதை முதலில் கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணம் கடல் மட்டத்தோடு ஒட்டிய தரை, இங்கே 100 காட்ட வேண்டும். 97 காட்டினால், குறிப்பில் உள்ள எண்ணிலிருந்து 3 கழித்துக்கொள்ளுங்கள். இதே வெப்பமானியை 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால், தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். அங்கே இருக்கிற சித்திக்கு 115 என்று சொல்லிவிட்டு, "ரொபி கல்லாய்ப் போச்சுது பிள்ளை" என்று ஏச்சு வாங்கியவள் நான். 109 என்று சொல்லியிருக்க வேண்டும்.

பாகு கையில் பட்டால் கொதிதண்ணீர் பட்டது போல வழிந்து போகாது, ஒட்டிக்கொண்டு சுடும். பற்பசை, நெய் எதுவும் பூசாமல் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். குழந்தைகள் தாச்சிக்குப் பக்கத்தில் வேண்டாம்.

கடைசியில் தாச்சியில் கல்லாய் ஒட்டியதைக் கரண்டியால் சுரண்டி மல்லுக்கட்டாதீர்கள். தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்துக் கொதிக்க விடுங்கள், தானே கரைந்து வந்துவிடும். பொன்னிறமாக இருந்தால் அந்தத் தண்ணீரை நான் வெறும் தேத்தண்ணிக்கு விடுவேன், கறுப்பாக இருந்தால் வாழைக்கு.