நன்கொடையாக வந்த படத்துக்கு என்ன விலை எழுதுவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாள்காட்டி போடும் சின்ன அறவாரியத்துக்குப் பொருளாளராகி இருக்கிறீர்களா? ரப்பர் தோட்டத்துப் புகைப்படங்களை நிறையப் பேர் அன்போடு தருவார்கள். கணக்கில் என்ன தொகை எழுதுவது என்பதில்தான் குழப்பம் வரும்.

முதலில், கிடைத்தது என்ன என்று பாருங்கள். பெரும்பாலும் அச்சில் போட அனுமதி மட்டுமே. காப்புரிமை படம் எடுத்தவரிடமே இருக்கும். அதனால் அனுமதிக்குத்தான் விலை. எந்த வெளியீடு, எத்தனை பிரதி, எந்த அளவு, எவ்வளவு காலம் என்று எழுதி, கையெழுத்து வாங்குங்கள். வீட்டில் இருக்கும் பழைய படத்தை ஸ்டூடியோக்காரர் எடுத்திருந்தால் அவரிடமும் கேட்டுவிடுவது நல்லது.

அடுத்து, அச்சுக்குத் தாங்குமா? ஏ4 முழுப்பக்கத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 2480 × 3508 பிக்சல் தேவை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். 4 × 6 அங்குலப் பழைய படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 2400 × 3600 கிடைக்கும். பிக்சல் போதாத படத்தைச் சின்னதாகத்தான் போட முடியும், விலையும் அதற்கேற்பத்தான்.

சரி, இப்போது விலை. ஊரில் மூன்று படக்காரர்களிடம் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "500 பிரதி நாள்காட்டியில் ஒரு பக்கம், ஒரு வருடம், எவ்வளவு?" 120, 150, 180 வெள்ளி (ரிங்கிட்) என்று சொன்னால் 150 எழுதலாம். யாரிடம், எந்தத் தேதியில் கேட்டீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள். கல்யாணப் படம் எடுக்கும் கூலியோடு ஒப்பிட வேண்டாம், அதில் ஒரு நாள் உழைப்பும் சேர்ந்திருக்கிறது. அட்டைப்படத்துக்குத் தனியாகக் கேளுங்கள். இந்தப் படம் வராமல் போயிருந்தால் கையிலிருந்து எவ்வளவு கொடுத்திருப்போம்? அதற்கு மேல் ஒரு வெள்ளிகூட எழுதாதீர்கள்.

லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் ரப்பர் பால்வாளியோடு நிற்கும் ஒரு பாட்டியின் படம் வந்தால் மனசு கனத்துவிடும். கணக்கில் அதுவும் 150தான். ஆனால் வீட்டாரிடம் கேட்டு, அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் படத்தின் கீழே அச்சிடுங்கள். அந்த மரியாதையை விட்டுவிடக் கூடாது.

கணக்கில் பொருள் நன்கொடையாக வரவு 150, அச்சுச் செலவு 150. ரொக்கம் மாறாது.

கடைசியாக நன்றிக் கடிதம். எந்தப் படம், எதற்கு, எவ்வளவு காலத்துக்கு என்று மட்டும் எழுதுங்கள். 1967 வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவு வரிக்கழிவுக்குப் பணமாகத் தரும் நன்கொடையைத்தான் சொல்கிறது. அதனால் அந்த 150 வெள்ளிக்கு வரிக்கழிவு ரசீது கொடுக்காதீர்கள். யாராவது கேட்டால் காரணத்தைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.