ரோமானிய மொசைக் தரையை அளவு பிசகாமல் டிஜிட்டல் ஆவணமாக்குவது எப்படி?

மொசைக் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சிமெண்டில் சலவைக்கல் சில்லு கலந்து, மெஷினில் தேய்த்த தரை. ரோமானியருடையது வேறு. சிசிலியின் வில்லா ரொமானா தெல் கசாலேயில் 4-ம் நூற்றாண்டில் சில்லு சில்லாகக் கையால் பதித்த தரை மட்டும் ஏறக்குறைய 3,500 சதுர மீட்டர். இப்படிப்பட்ட தரையை ஒன்றின்மேல் ஒன்று படியும் பல படங்களாக எடுத்து, மென்பொருளில் இணைத்து முப்பரிமாண மாடலாக்குவதுதான் வழி. படமெடுக்கும் கணக்கு சில்லின் அளவிலிருந்துதான் தொடங்கும்.

பொதுவாகச் சில்லு 1 செ.மீ. இருக்கும், முகம், கை வரும் இடங்களில் 5 மி.மீ.க்கும் கீழே போகும். 5 மி.மீ. சில்லுக்குக் குறைந்தது 10 பிக்சலாவது விழ வேண்டும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமராவில் 35 மி.மீ. லென்ஸ் போட்டு 2 மீட்டர் உயரத்தில் நேர் கீழே பார்க்க வைத்தால் ஒரு பிக்சலுக்கு 0.34 மி.மீ. கிடைக்கும். போதும். ஒரு படத்தில் அடங்குவது சுமார் 2.06 x 1.37 மீட்டர். குறுகிய பக்கம் நகரும் திசையில் இருக்கட்டும். 25 செ.மீ.க்கு ஒரு படம், வரிசைக்கு வரிசை 80 செ.மீ. என்று போனால் முன்பின் 80 சதவீதமும் பக்கவாட்டில் 60 சதவீதமும் படங்கள் ஒன்றின்மேல் ஒன்று படியும். 5 x 4 மீட்டர் அறைக்கு 120-க்கு மேல் படங்கள் ஆகும்.

இதோடு நிறுத்தினால்தான் வம்பு. தட்டையான தரையை மேலிருந்து மட்டுமே எடுத்தால், லென்ஸின் வளைவு எது, தரையின் வளைவு எது என்று மென்பொருளுக்குப் பிரிக்கத் தெரியாது. மாடல் கிண்ணம்போல் குழிந்துவிடும். திரையில் பார்த்தால் அழகாகவே இருக்கும், அளந்தால்தான் குட்டு வெளிப்படும். அறையைச் சுற்றி நான்கு பக்கமிருந்தும் 30 டிகிரி சாய்வில் 30, 40 படங்கள் கூடுதலாக எடுங்கள். டோட்டல் ஸ்டேஷனில் (கோணமும் தூரமும் அளக்கும் சர்வே கருவி) அளந்த 10 குறிகளில் 6 கட்டுப்பாட்டுக்கு, அதாவது மாடலைச் சரியான அளவில் பொருத்த. மீதி 4 கணக்கில் சேராமல் சோதனைக்கு மட்டும். குறிகளைத் தரையில் ஒட்டாதீர்கள், டேப்போடு சில்லும் பெயர்ந்து வரும்.

கேமராவில் எஃப்8, ஐஎஸ்ஓ 100, ரா ஃபார்மட் (கேமரா பதிவு செய்த தரவு அப்படியே இருக்கும் கோப்பு). ஃபோகஸ் வளையத்தை டேப் போட்டுப் பூட்டி, கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள். முதல் படத்தில் நிற அட்டை இருக்கட்டும். வெயிலும் நிழலும் கலந்தால் ஆர்த்தோபடத்தில் (மாடலிலிருந்து எடுக்கும், அளவு பிசகாத மேல்பார்வைப் படம்) கூரைச் சட்டத்தின் நிழல் கோடுகள் நிரந்தரமாக நின்றுவிடும்; மேகமூட்டமோ இரவோ நல்லது.

நிறம் எடுப்பாகத் தெரிய தண்ணீர் தெளிக்கும் பழக்கம் உண்டு. வேண்டவே வேண்டாம். ஈரம் பளபளத்து படப்பொருத்தத்தைக் கெடுக்கும்; காயும்போது அடிச்சாந்தின் உப்பு மேலே வந்து பூத்து, சில்லை நெம்பும். மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும்.

ஆர்த்தோபடத்தோடு உயர வரைபடத்தையும் கட்டாயம் எடுத்துவையுங்கள். கசாலேயில் பத்துப் பெண்கள் உடற்பயிற்சி செய்யும் காட்சி பதித்த அறையின் ஒரு மூலையில் மேல்தரை போய், அடியிலிருந்த பழைய வடிவியல் தரை எட்டிப்பார்க்கிறது. வெறும் ஆர்த்தோபடத்தில் இரண்டும் ஒரே தளம் போலத் தெரியும்; எது மேல், எது கீழ் என்று சொல்வது உயர வரைபடம்தான்.

பிறகு ஆர்த்தோபடத்தை க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்து, சில்லு உதிர்ந்த இடம், பிற்காலச் சிமெண்ட் ஒட்டு, விரலால் தட்டினால் பொள்ளலாக ஒலிக்கும் இடம் ஆகியவற்றைத் தனித்தனி அடுக்காக வரையுங்கள். ரா கோப்புகளை அழிக்காதீர்கள். இன்னும் நல்ல மென்பொருள் வரும்போது மறுபடி ஓட்ட அவைதான் வேண்டும்.