சிசிடிவி காட்சியிலிருந்து ஒருவர் நடந்த வேகத்தைக் கணக்கிடுவது எப்படி?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைத் திருட்டு வழக்குக்காக இந்த வேலையைச் செய்ய வேண்டி வந்தது. சந்தில் போன ஆள் ஓடினாரா, நடந்தாரா என்பதுதான் கேள்வி. இளம் வக்கீல்களுக்கும் சட்டக் கல்லூரி மாணவர்களுக்கும் பயன்படும் என்று முறையை எழுதுகிறேன்.

முதலில், கேமரா காட்சிகளைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டியிலிருந்து அசல் கோப்பையே எடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த காட்சி சுருக்கப்பட்டது. அதை வைத்து அளக்கவே கூடாது. எடுத்த கையோடு ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் கைரேகை போன்ற எண்ணை, குறித்துக்கொள்ளுங்கள். மின்னணுச் சாட்சியத்துக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழுக்கு அது வேண்டும். அப்புறம் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

அடுத்தது நேரம். இங்கேதான் நிதானம் தேவை. உதாரணமாக, கேமரா நொடிக்கு 15 ஃபிரேம் (தனித்தனிப் படம்) பதிவு செய்திருக்கும். ஏற்றுமதி செய்த கோப்போ 25 ஃபிரேமாக ஓடும். நொடிக்கு 1.3 மீட்டர் வேகத்தில் சாதாரணமாக நடந்தவர், திரையில் சுமார் 2.2 மீட்டர் வேகத்தில் போவார். நடை ஓட்டமாக மாறுவது நொடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் வேகத்தில். ஆக, நடந்தவர் ஓடியவராகிவிடுவார். எங்கள் வழக்கில் நடந்ததும் இதுதான்: பார்த்தவர்கள் எல்லோரும் ஓடுகிறார் என்றார்கள், கணக்கு நடை என்றது.

சரிபார்க்க, அதே கேமராவுக்கு முன்னால் ஸ்டாப்வாட்ச் ஓடும் செல்போனைப் பிடித்துப் பதிவு செய்து, அதே வழியில் ஏற்றுமதி செய்யுங்கள். சம்பவம் நடந்த அதே வேளையில் செய்யுங்கள். இருட்டில் பல கேமராக்கள் ஃபிரேம் வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும். வீடியோ கோப்பின் விவரங்களைக் காட்டும் எஃப்எஃப்புரோப் (ffprobe) என்ற மென்பொருளில் ஒவ்வொரு ஃபிரேமின் நேரத்தையும் பார்த்துவிட்டால், இடைவெளி சீராக இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

இனி இடத்தை அளக்க வேண்டும். கேமரா நகர்த்தப்படாமல் இருக்கும்போதே போய்விடுங்கள். சாக்கடை மூடியின் ஓரம், வாசற்படி தரையைத் தொடும் மூலை போல, காட்சியிலும் தரையிலும் அசையாமல் தெரியும், தரையில் ஒரு செவ்வகமாக அமையும் நான்கு புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றுக்கு இடையிலான தூரத்தை அளந்துகொள்ளுங்கள். லேசர் அளவுகருவியின் புள்ளி பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. நான் 30 மீட்டர் டேப்பைத்தான் நம்புவேன்.

வீடியோவில் தூரத்தை அளக்கும் மென்பொருளுக்குக் கினோவியா (Kinovea) போதும். இலவசம், விண்டோஸில் ஓடும். அதிலுள்ள பெர்ஸ்பெக்டிவ் கிரிட் என்ற, தரையின் சாய்வுத் தோற்றத்துக்கேற்ற கட்டத்தின் நான்கு மூலைகளையும் அந்தப் புள்ளிகளில் பொருத்தி அளவைக் கொடுங்கள். குதிகால் தரையைத் தொடும் ஃபிரேம்களில் மட்டும் குறியிடுங்கள். தலையையோ கையையோ குறித்தால் தூரம் தப்பாகும், ஏனென்றால் கிரிட் தரைக்கு மட்டும்தான் பொருந்தும். அகன்ற கோண லென்ஸ் என்றால் காட்சியின் ஓரங்களை விட்டுவிடுங்கள், அங்கே நேர்க்கோடுகூட வளையும்.

தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். இரு முனையிலும் ஒரு ஃபிரேம் பிசகினால் விடை எவ்வளவு மாறும் என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள்.

இந்த அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நடையை வைத்து "இவர்தான் அவர்" என்று சொல்வது வேறு விஷயம். லண்டனின் ஓல்டு பெய்லி குற்றவியல் நீதிமன்றத்தில் 2000-லேயே அத்தகைய சாட்சியம் வந்துவிட்டது. ஆனால் அதற்கான அறிவியல் ஆதாரம் மிகக் குறைவு என்று பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி 2017-இல் நீதிமன்றங்களுக்கான கையேட்டில் எழுதியிருக்கிறது. ஒரு மனிதனின் விடுதலை இதில் தொங்குகிறது. வேகத்தைச் சொல்லுங்கள், ஆளைச் சொல்லாதீர்கள்.

பின்சேர்க்கை: ஏற்காடு மலைப்பாதைக் காட்சிக்கு இது சரிவருமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஒரே சீரான சரிவு என்றால் வரும், டேப்பைச் சரிவோடு சரிவாகப் பிடித்து அளக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் வராது. அங்கே தரையே முறுக்கிக்கொண்டு போகிறது, நான்கு புள்ளிகளும் ஒரே தளத்தில் அமையாது. வளைவுக்கு முன்னும் பின்னும் உள்ள நேரான துண்டுகளைத் தனித்தனியாக அளந்துகொள்ளுங்கள். ஏற்றத்தில் நடை தானாகவே மெதுவாகும். அதனால் சமதள வேகத்தோடு ஒப்பிடாமல், அதே ஏற்றத்தில் வேறு சிலரை நடக்கவிட்டு, அதே கேமராவில் பதிவு செய்து ஒப்பிடுங்கள்.