மறந்துபோன கணக்கியல் அடிப்படையை மீட்டுக்கொண்ட விதம்

இரண்டாம் கணக்கியல் பாடம் தொடங்கவிருந்தபோது, எதைப் பற்று (கணக்கின் இடப்பக்கப் பதிவு) வைப்பது, எதை வரவு (வலப்பக்கப் பதிவு) வைப்பது என்பதே எனக்கு மறந்திருந்தது. விதிகளை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு சிறு கடையின் ஒரு மாத நடவடிக்கைகளைக் குறிப்பேட்டில் (நடவடிக்கைகளை முதலில் எழுதும் ஏடு) பதிந்து, பேரேட்டுக்கு (அவற்றைக் கணக்கு வாரியாகப் பிரிக்கும் ஏடு) எடுத்தெழுதி, இருப்பாய்வு (பற்று, வரவு மொத்தங்கள் சமமா எனப் பார்க்கும் பட்டியல்) வரை கையாலேயே கொண்டுசென்றதுதான் பெரிதும் உதவியது.

கணக்காண்டின் முடிவில் கணக்குகளைச் சரிசெய்யும் சரிக்கட்டுப் பதிவுகளுக்கே அதிக நேரம் ஒதுக்கினேன். கூட்டாண்மைக் கணக்குகளிலும் நிறும (கம்பெனி) கணக்குகளிலும் அவை தொடர்ந்து வரும். மார்ச் மாத வாடகை ரூ. 5,000 கொடுபடவில்லை என்றால், வாடகைக் கணக்கில் பற்று, கொடுபட வேண்டிய வாடகைக் கணக்கில் வரவு; முன்னது இலாப நட்டக் கணக்குக்கும், பின்னது சொத்துகளையும் பொறுப்புகளையும் (செலுத்த வேண்டியவை) காட்டும் இருப்புநிலைக் குறிப்பின் பொறுப்புப் பக்கத்துக்கும் செல்லும். முற்றிலும் விடுபட்ட ஒரு நடவடிக்கையை இருப்பாய்வு காட்டிக்கொடுக்காது என்பதால், அது சமமான பிறகும் ஒவ்வொரு பதிவையும் மூல விவரத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தேன்.