பழைய சிட்ரோன் காரை மறுபடியும் மெத்தென்று ஓட வைப்பது எப்படி?

சிட்ரோனின் பழைய பிஎக்ஸ் கார் வாங்கிய கையோடு நான் செய்த முதல் காரியம், கை பிரேக்குக்குப் பக்கத்தில் இருக்கும் உயர லீவரை ஒரு படி உயர்த்தியதுதான். வண்டி உயர்ந்து நின்றால் மெத்தென்று ஓடும் என்று நினைப்பு. முதல் வேகத்தடையிலேயே இடுப்பு பதில் சொல்லிவிட்டது.

அந்த லீவருக்கும் மென்மைக்கும் சம்பந்தமே இல்லை. வண்டி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை மட்டும்தான் அது சொல்லும். ஒரேயடியாக உயர்த்தினால் சஸ்பென்ஷன் தன் எல்லையில் போய் முட்டி நிற்கும். பள்ளம் வந்தால் சக்கரம் கீழே இறங்க இடமே இருக்காது. டயர் மாற்றவும், மோசமான பாதையில் ஊர்ந்து போகவும்தான் அந்த நிலை. மற்ற நேரமெல்லாம் லீவர் சாதாரண நிலையிலேயே இருக்கட்டும்.

அப்படியானால் மென்மை எங்கே இருக்கிறது? ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒன்றாகப் பொருத்தியிருக்கும் தேங்காய் அளவு இரும்பு உருண்டைக்குள். இதற்கு ஸ்பியர் என்று பெயர். உள்ளே நடுவில் ஒரு ரப்பர் சவ்வு. ஒரு பக்கம் நைட்ரஜன் வாயு, மறுபக்கம் எண்ணெய். சக்கரம் மேடேறினால் எண்ணெய் சவ்வைத் தள்ளும், வாயு அமுங்கிக் கொடுக்கும். ஸ்பிரிங்கின் வேலையை வாயு பார்க்கிறது. ஸ்பியரின் கழுத்தில் உள்ள சின்ன வால்வு ஷாக் அப்சார்பர் வேலையைப் பார்க்கிறது. போல் மாஜெஸ் என்ற சிட்ரோன் பொறியாளர் உருவாக்கிய ஏற்பாடு இது. 1954இல் ஒரு மாடலின் பின் சக்கரங்களுக்கு மட்டும் வந்தது. 1955 பாரிஸ் கார் கண்காட்சியில் டிஎஸ் காரில் நான்கு சக்கரங்களுக்கும் வந்தது. 2017இல் சி5 காரின் உற்பத்தி நின்றதோடு இந்தப் பரம்பரை முடிந்தது. திருவள்ளூரில் பாகங்களைப் பூட்டி இந்தியாவில் விற்ற சி5 ஏர்கிராஸ் இந்தக் குடும்பம் அல்ல. அதில் இருப்பது சாதாரண ஸ்பிரிங்கும் ஹைட்ராலிக் குஷனும்தான், அதற்கு இந்தக் குறிப்பு உதவாது.

புதியவர்கள் தவறாமல் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. வாயு குறைந்தால் வண்டி தொளதொளவென்று ஆகும் என்று நினைப்போம். நடப்பது நேர்மாறு, கல்லு மாதிரி ஆகிவிடும். ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்றை எடுத்து, பிஸ்டனை முழுவதும் இழுத்து, முனையை விரலால் அடைத்து அழுத்திப் பாருங்கள். பஞ்சு போல உள்ளே போய் வரும். இப்போது கொஞ்சம் காற்றை மட்டும் உள்ளே விட்டு அதே மாதிரி அழுத்துங்கள். பிஸ்டன் அசையவே யோசிக்கும். கணக்காகச் சொன்னால், 400 சிசி ஸ்பியரில் 55 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) வாயு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டியின் எடை எண்ணெயில் 110 பார் அழுத்தம் கொடுத்தால் வாயு 200 சிசியாகச் சுருங்கும். வருடக்கணக்கில் சவ்வு வழியாகக் கசிந்து அந்த 55 பாதியாகிவிட்டால், அதே எடைக்கு மிஞ்சுவது 100 சிசிதான். சஸ்பென்ஷன் இரண்டு மடங்கு விறைப்பாகிவிடும். வண்டியின் உயரம் மட்டும் மாறவே மாறாது, எண்ணெய் அதைச் சரிக்கட்டிவிடும். அதனால் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

சரி, வேலைக்கு வருவோம்.

1. முதலில் சோதனை

எஞ்சினை ஓடவிட்டு, லீவரைச் சாதாரண நிலையில் வைத்து, முன்பக்க ஓரத்தைக் கையால் அழுத்துங்கள். படகு மாதிரி அமுங்கி எழ வேண்டும். பின்னால் டிக்கி விளிம்பில் உட்காருங்கள். வண்டி இறங்கி, சில நொடி கழித்துத் தானாகவே பழைய உயரத்துக்கு வர வேண்டும். திண்ணையில் உட்கார்ந்த மாதிரி இருந்தால் அந்த ஸ்பியர் போய்விட்டது.

அப்புறம் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கும்போது பானெட்டுக்குள்ளிருந்து அவ்வப்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அழுத்தம் சுமார் 145 பாருக்கு இறங்கும்போதும் 170ஐத் தொடும்போதும், எண்ணெய் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் மாறும் சத்தம் அது. ஸ்டியரிங்கையும் பிரேக்கையும் தொடாமல் இடைவெளியை எண்ணுங்கள். அரை நிமிடம் இருந்தால் நல்லது. மூன்று நான்கு நொடிக்கு ஒருமுறை டக் டக் என்றால், ரெகுலேட்டரில் இருக்கும், அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்குமுலேட்டர் ஸ்பியரையும் மாற்ற வேண்டும்.

2. எண்ணெய்

பிஎக்ஸுக்கு எல்ஹெச்எம் என்ற பச்சை நிற மினரல் எண்ணெய் மட்டும். சாதாரண பிரேக் ஆயிலை ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள். ரப்பர் சீல்கள் எல்லாம் கெட்டுவிடும், பிரேக்கும் இதே எண்ணெயில்தான் ஓடுகிறது. அளவைப் பார்ப்பது எஞ்சின் ஓடும்போது, லீவர் உச்ச நிலையில் இருக்கும்போதுதான். எண்ணெய்த் தொட்டியின் அளவுகாட்டி மிதவை இரண்டு சிவப்பு வளையங்களுக்கு நடுவில் நிற்க வேண்டும். தொட்டிக்குள் இருக்கும் இரண்டு ஃபில்டரையும் வெளியே எடுத்து பெட்ரோலில் அலசிவிடுங்கள்.

3. அழுத்தத்தை இறக்குதல்

இதில் அவசரம் கூடாது. இந்த வண்டி சொல்லாமல் கொள்ளாமல் உட்கார்ந்துவிடும், அடியில் ஆள் இருந்தால் பிழைப்பது கஷ்டம். நல்லவேளையாக முன் ஸ்பியர்கள் இரண்டும் பானெட்டுக்குள் மேலேயே இருக்கின்றன, அடியில் போக வேண்டியதில்லை. முதல்முறை செய்பவர்கள் இவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பிஎக்ஸின் கை பிரேக் முன் சக்கரங்களைத்தான் பிடிக்கும், அதை மட்டும் நம்பாதீர்கள். லீவரைக் கடைசிக் கீழ் நிலைக்குக் கொண்டுபோய், வண்டி முழுவதும் படியும்வரை காத்திருந்து எஞ்சினை அணையுங்கள். பிறகு ரெகுலேட்டரில் உள்ள, அழுத்தத்தை வெளியேற்றும் ப்ளீட் ஸ்க்ரூவை 12 எம்எம் ஸ்பேனரால் ஒரு சுற்று தளர்த்துங்கள். முழுவதும் கழற்ற வேண்டாம். 'உஸ்ஸ்' என்று தொட்டிக்குத் திரும்பும் சத்தம் கேட்கும். அது அடங்கும்வரை எதையும் தொடாதீர்கள்.

பின் ஸ்பியர்களுக்கு வண்டியை உச்சத்தில் நிறுத்தி, ஜாக்கி வைக்கும் இடங்களில் உறுதியான ஸ்டாண்டுகளைக் கொடுத்து, அதற்கப்புறம்தான் லீவரை இறக்க வேண்டும்.

4. ஸ்பியர் மாற்றுதல்

சங்கிலி அல்லது பட்டை ஸ்பேனரைச் சுற்றிப் போட்டு இடப்பக்கமாகத் திருப்புங்கள். அடியில் துணி வையுங்கள், கொஞ்சம் எண்ணெய் கொட்டும். உட்காரும் இடத்தைச் சுத்தமாகத் துடைத்து, பழைய ரப்பர் வளையத்தை எடுத்துவிட்டுப் புதியதை எல்ஹெச்எம்மில் நனைத்துப் போடுங்கள். புது ஸ்பியரைக் கையால் மட்டும் இறுக்குங்கள். உள்ளே அழுத்தம் ஏறியதும் வளையம் தானே அடைத்துக்கொள்ளும். நான் ஒருமுறை 'பத்திரத்துக்கு' ஸ்பேனரால் ஒரு கால் சுற்று கூடுதலாக இறுக்கினேன். அடுத்தமுறை அதைக் கழற்ற இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

வலது இடது இரண்டையும் ஜோடியாகவே மாற்றுங்கள். கூடுதல் மென்மைக்கு என்று அதிகக் கொள்ளளவும் பெரிய வால்வுத் துளையும் உள்ள 'கம்ஃபர்ட்' ஸ்பியர்கள் விற்கிறார்கள். என் அபிப்பிராயம், முதலில் கம்பெனி அளவையே போட்டு ஓட்டிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதுவே போதும். ரொம்ப மென்மையாகப் போனால் பிரேக் பிடிக்கும்போது மூக்கு குத்தும், வளைவில் சாயும். ஸ்பியரில் மறுபடி வாயு நிரப்புவது வீட்டு வேலை அல்ல. நைட்ரஜனைத் தவிர வேறு எதையும் அடைக்கக் கூடாது. எண்ணெயும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் வெடிக்கும்.

5. உயிர் கொடுத்தல்

ப்ளீட் ஸ்க்ரூவை மூடி எஞ்சினைக் கிளப்புங்கள். வண்டி மெல்ல எழுந்திருக்கும், இதைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை. லீவரைக் கீழிருந்து உச்சம்வரை நான்கைந்து தடவை ஏற்றி இறக்கினால் உள்ளே மாட்டிய காற்று வெளியேறும். எண்ணெய் அளவை மறுபடி பாருங்கள். தெருவில் இறங்கும் முன் பிரேக்கை மிதித்துப் பாருங்கள்.

6. உயரம்

சாதாரண நிலையில் வண்டியைக் கையால் தூக்கி விட்டு, அது அமைதியானதும் அளந்துகொள்ளுங்கள். பிறகு அழுத்தி விட்டு, அமைதியானதும் அளந்துகொள்ளுங்கள். இரண்டின் சராசரிதான் உண்மையான உயரம். ஒர்க்‌ஷாப் புத்தகத்தில் உங்கள் மாடலுக்குள்ள அளவோடு ஒத்துப்போகாவிட்டால், ஆன்டி ரோல் பாரில் (வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பி) இருக்கும் கவ்வியைத் தளர்த்தி மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்த வேண்டும். அதற்கு அடியில் போக வேண்டும் என்பதால் பழக்கமானவரை வைத்துச் செய்யுங்கள்.

எல்லாம் செய்தும் பின்பக்கம் முரண்டு பிடித்தால் பின் சக்கரங்களைத் தாங்கும் கைகளின் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். பிஎக்ஸில் இது பழைய வியாதி. பின்னாலிருந்து பார்த்தால் சக்கரங்களின் மேல்பகுதி உள்ளே சாய்ந்திருக்கும், வண்டி ஏறி இறங்கும்போது கிறீச்சிடும்.

மறுநாள் காலையில் முன் சக்கரங்களுக்குக் கீழே தரையைப் பாருங்கள். பச்சைச் சொட்டு இருந்தால் வளையம் பிசகியிருக்கிறது. இறுக்கிப் பார்க்காதீர்கள். அழுத்தத்தை இறக்கி, கழற்றி, துடைத்து, புது வளையம் போட்டு, மறுபடியும் கையால் மட்டும்.