வேலை, ஆற்றல் கணக்கா? சூத்திரத்துக்கு முன்னால் படத்தைப் போடுங்கள்

பிளஸ் ஒன் இயற்பியலில் வேலை, ஆற்றல் பாடத்துக்குச் சூத்திரங்கள் ரொம்பக் குறைவு. கணக்கு தப்புவது சூத்திரம் மறந்துபோய் அல்ல, எந்த விசை எவ்வளவு வேலை செய்தது என்று பார்க்காமலேயே எண்களைப் போட்டுப் பெருக்க ஆரம்பிப்பதால்தான்.

கேள்வியில் நேரம் வருகிறதா என்று முதலில் பாருங்கள். விசை, தூரம், வேகம் மட்டும் இருந்து, நேரம் கொடுக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை என்றால் பெரும்பாலும் ஆற்றல் வழிதான் சுருக்கம். அப்புறம் படம் போட்டு, பொருளின் மேல் உள்ள எல்லா விசைகளையும் குறித்து, ஒவ்வொன்றும் இடப்பெயர்ச்சியோடு என்ன கோணத்தில் இருக்கிறது என்று எழுதுங்கள். வேலை = விசை × இடப்பெயர்ச்சி × கொசைன் கோணம். கோணம் 90° என்றால் வேலை பூஜ்ஜியம், 180° என்றால் மைனஸ். அந்த மைனஸை விட்டுவிட்டால் உராய்வு பெட்டியைத் தள்ளிக்கொண்டு போவதாக ஆகிவிடும்!

ஒரு கணக்கு. 20 கிலோ பெட்டி தரையில் நிற்கிறது. தரைக்கு 60° சாய்வில் கயிறு கட்டி 100 நியூட்டன் விசையில் 5 மீட்டர் இழுக்கிறோம், உராய்வுக் குணகம் 0.2, புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்துக்கொள்வோம். கயிறு செய்த வேலை 100 × 5 × 0.5 = 250 ஜூல். உராய்வு = குணகம் × தரை தரும் செங்குத்து விசை. அந்த விசைக்குப் பலர் நேரே எடையை (20 × 10 = 200) எடுத்து 0.2 × 200 என்று போட்டுவிடுவார்கள். ஆனால் கயிறு பெட்டியைக் கொஞ்சம் மேலேயும் தூக்குகிறது, அதனால் தரை தரும் செங்குத்து விசை 200 அல்ல, 200 − 86.6 = 113.4 நியூட்டன். உராய்வு 22.68, அதன் வேலை −113.4 ஜூல். எடையும் செங்குத்து விசையும் 90°-இல் இருப்பதால் பூஜ்ஜியம். மொத்தம் 136.6 ஜூல், இதுதான் இயக்க ஆற்றல் மாற்றம். ½ × 20 × வேகம்² = 136.6, எனவே வேகம் சுமார் 3.7 மீ/வி. அந்த 200-ஐப் போட்டிருந்தால் 2.2 வந்திருக்கும், பக்கத்தில்கூட இல்லை.

உயரம் வரும் கணக்கில் நிலை ஆற்றலை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் எடுத்தபின் புவியீர்ப்பு செய்த வேலையைத் தனியாகக் கூட்டக் கூடாது, இரண்டும் ஒன்றுதான். 5 மீட்டர் உயரத்தில் ஓய்வில் இருந்த 2 கிலோ கட்டை வளைந்து நெளிந்த சரிவில் இறங்கி, கீழே 8 மீ/வி வேகத்தில் வருகிறது என்றால் மேலே 100 ஜூல், கீழே 64 ஜூல், உராய்வு செய்த வேலை −36 ஜூல். சரிவின் வடிவமும் தெரியாது, உராய்வுக் குணகமும் தெரியாது, இருந்தும் விடை வந்துவிட்டது. நியூட்டன் விதியை வைத்து இதைப் போட முடியாது. இந்தப் பாடத்தில் எனக்குப் பிடித்த இடமே இதுதான்.

சுருள்வில்லில் ஒரு பொறி உண்டு. மாறிலி 200 நியூட்டன்/மீட்டர் உள்ள வில்லை 10 செ.மீ. நீட்சியிலிருந்து 20 செ.மீ.க்கு இழுக்க எவ்வளவு வேலை? நீட்சி வித்தியாசம் 0.1 என்று வர்க்கப்படுத்தினால் 1 ஜூல் வரும், தப்பு. வர்க்கங்களைத்தான் கழிக்க வேண்டும்: ½ × 200 × (0.04 − 0.01) = 3 ஜூல்.

வாகன பிரேக் கணக்கில் கி.மீ./மணியை 3.6-ஆல் வகுத்துவிட்டுத் தொடங்குங்கள். 36 என்றால் 10 மீ/வி, 72 என்றால் 20. வண்டியின் இயக்க ஆற்றல் முழுவதும் உராய்வின் வேலையில் தீர வேண்டும்: ½ × நிறை × வேகம்² = குணகம் × நிறை × 10 × தூரம். உராய்வுக் குணகம் 0.5 என்றால் நிற்க 10 மீட்டர், 40 மீட்டர். நிறை இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும், கொடுக்கவில்லையே என்று பதற வேண்டாம்.

நேரம் வந்துவிட்டால் அது பெரும்பாலும் திறன் கணக்கு, அதாவது வேலையை நேரத்தால் வகுப்பது. 1000 லிட்டர் தண்ணீரை 12 மீட்டர் மேலே உள்ள தொட்டிக்கு ஏற்ற 1,20,000 ஜூல். 10 நிமிடத்தில் ஏற்றினால் 600-ஆல் வகுத்து 200 வாட். மோட்டார் 1 குதிரைத்திறன், அதாவது 746 வாட் எடுத்துக்கொள்கிறது என்று கொடுத்துப் பயனுறுதிறன் கேட்டால் 200-ஐ 746-ஆல் வகுங்கள், சுமார் 27 சதவீதம்.