ரொறன்ரோவிலிருந்து கல்கரிக்குப் பூனையோடு தரைவழியாகக் குடிபெயர்வோருக்கு

கனடாவுக்கு வந்து ஸ்காபரோவிலோ பிராம்ப்டனிலோ முதல் சில ஆண்டுகளைக் கழித்துவிட்டு, வாடகை கட்டுப்படியாகாமல் கல்கரிக்கோ எட்மன்டனுக்கோ இடம் மாறும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது குறைவல்ல. தளபாடங்களை எப்படி அனுப்புவது, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை எப்படி மாற்றுவது என்பதற்கெல்லாம் விசாரித்துச் சொல்ல உறவினர்கள் இருப்பார்கள். வீட்டில் வளரும் பூனையை ஏறத்தாழ 3,400 கிலோமீற்றர் எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டால் மட்டும் "ஆருக்கும் குடுத்திட்டுப் போங்கோ" என்பார்கள். கொடுத்துவிட்டுப் போகத் தேவையில்லை. உடல்நலமுள்ள பூனை ஐந்து நாள் கார்ப் பயணத்தைத் தாங்கும். வழியில் எங்காவது திறந்த கதவொன்றினூடாகப் பாய்ந்து ஓடிவிட்டால்தான் அதன் பிறகு செய்வதற்கு அதிகம் இராது. ஆகவே கீழே சொல்லப்படுவனவற்றில் பெரும்பகுதி கதவுகளைப் பற்றியதே.

முதலில் போய்ச் சேரும் வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனெனில் ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் பழகியவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின்படி, வாடகை ஒப்பந்தத்தில் "செல்லப்பிராணிகள் கூடாது" என்று எழுதியிருந்தாலும் அந்த வாசகம் செல்லாது. (வீட்டு உரிமையாளரோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொள்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்பதையும், கொண்டோ கட்டடங்களுக்குத் தனி விதிகள் இருக்கலாம் என்பதையும் மறக்கவேண்டாம்.) கல்கரி இருக்கும் அல்பேர்ட்டா மாகாணத்தில் அத்தகைய பாதுகாப்பு இல்லை. அங்கே உரிமையாளர் பூனையை மறுக்கலாம், அல்லது திருப்பித் தராத தனிக் கட்டணம் ஒன்றைக் கேட்கலாம். பாதுகாப்பு வைப்புப் பணம் மட்டும் ஒரு மாத வாடகையை மீறக்கூடாது. எனவே பூனை இருப்பதை முதல் தொலைபேசி அழைப்பிலேயே சொல்லி, அதற்கான சம்மதத்தை ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே பயணத் திகதியைக் குறியுங்கள். போனபின் பார்த்துக்கொள்ளலாம் என்று மறைத்துக் கொண்டுபோவது, குளிர்காலத்தில் இரண்டாவது முறை வீடு தேடவேண்டிய நிலையில் கொண்டுபோய் விட்டுவிடும்.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பாவது மிருக வைத்தியரிடம் போவது நல்லது. ஒன்ராறியோவில் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட பூனைகளுக்கு ரேபிஸ் தடுப்பூசி கட்டாயம், வீட்டைவிட்டு வெளியே போகாத பூனைக்கும் அதே விதிதான். அந்தச் சான்றிதழைக் கையோடு வைத்திருங்கள். தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப் இல்லையென்றால் இப்போதே வைக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே இருந்தால், அதில் பதிவான தொலைபேசி இலக்கம் நீங்கள் வந்த புதிதில் வாங்கிய பழைய இலக்கமா என்று பாருங்கள். பலருக்கு அப்படித்தான் இருக்கிறது. பயணத்தில் மிகவும் மிரளும் பூனைகளுக்கு வைத்தியர்கள் பெரும்பாலும் கபாபென்டின் என்ற மருந்தை எழுதித் தருவார்கள். அளவை வைத்தியரே தீர்மானிக்கவேண்டும். பயணத்துக்கு முன்பே ஒருநாள் வீட்டில் கொடுத்து, பூனை எவ்வளவு தள்ளாடுகிறது, எவ்வளவு நேரம் தூங்குகிறது என்று பார்த்துவைத்தால் வழியில் பதற்றம் இராது. நம் வீடுகளில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பனடோலோ ரைலினோலோ பூனைக்கு நஞ்சு, ஒரு வில்லையே உயிரைப் பறித்துவிடும். பயணமென்றாலே தலையிடிக்குக் கோடாலித் தைலமும் சித்தாலேபவும் பூசிக்கொள்ளும் பெரியவர்கள், மூடிய காருக்குள் அவற்றைத் தவிர்க்கவேண்டும். கற்பூரமும் தைல ஆவியும் பூனைக்கு ஆகாது.

அமெரிக்கா வழியாக மிச்சிகன், மினசோட்டா என்று போனால் வீதி அகலம், பெற்றோலும் மலிவு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு, அவர்கள் கனடாவின் நிரந்தரவாசிகளாக இருந்தாலும், அமெரிக்க வீசா வேண்டும். மீண்டும் கனடாவுக்குள் நுழையும்போது பூனையின் ரேபிஸ் சான்றிதழையும் கேட்பார்கள். வீசா இல்லாதவர்களுக்கு 400, 69, 17ஆம் இலக்க நெடுஞ்சாலைகள் வழியே சுப்பீரியர் ஏரியைச் சுற்றிப் போகும் உள்நாட்டுப் பாதை இருக்கிறது. சூ செயின்ற் மரீ, தண்டர் பே, வினிபெக் என்று ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 700 கிலோமீற்றர் போய், நான்காம் இரவை ரெஜைனாவில் தங்கினால், ஐந்தாம் நாள் கல்கரி.

கூட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். துணிப்பை போன்ற மெல்லிய கூடுகளை வாங்காதீர்கள். பூனை எழுந்து நின்று திரும்பக்கூடிய அளவுள்ள, கெட்டியான பிளாஸ்டிக் கூடு வேண்டும். முன்பக்கத்தோடு மேற்பக்கமும் திறப்பதாக இருந்தால், மிரண்ட பூனையை இழுக்காமல் தூக்கி எடுக்கலாம். இரண்டு பூனைகள் வீட்டில் கட்டிப்பிடித்துத் தூங்கினாலும் காரில் தனித்தனிக் கூடுதான், ஏனெனில் அச்சத்தில் ஒன்றையொன்று கடிக்கும். கூட்டைப் பயணத்தன்று அலுமாரியிலிருந்து இறக்குவதே பெரும்பாலோர் செய்யும் தவறு. பூனையின் கணக்கில் கூடு என்றால் ஊசி. அந்தக் கணக்கை மாற்ற மூன்று நான்கு வாரங்கள் வேண்டும். கதவைக் கழற்றிவிட்டு வரவேற்பறையில் வையுங்கள், பழைய துவாய் ஒன்றை உள்ளே விரியுங்கள், சாப்பாட்டை அதற்குள்ளேயே வையுங்கள். தானாகப் போய்ப் படுக்கத் தொடங்கிய பிறகு கதவை மாட்டிச் சில நிமிடம் மூடிப் பாருங்கள், அதன் பிறகு காரில் வைத்துக் கடைவரை போய்வாருங்கள். அந்தத் துவாயைத் துவைக்கவேண்டாம். ஐந்து இரவும் ஐந்து புதிய அறைகளில் பூனைக்குத் தெரிந்த ஒரே மணம் அதுவாகத்தான் இருக்கும்.

வீடு காலி செய்யும் நாள் முழுப் பயணத்திலும் ஆபத்தானது. முன்கதவைக் கட்டை வைத்துத் திறந்துவிட்டு ஆட்கள் சோபாவைத் தூக்கிக்கொண்டு போய்வந்துகொண்டிருக்கும்போது பூனை எந்நேரமும் வெளியே போகலாம், அதை மாலைவரை ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். முதல் பெட்டி வெளியேறுமுன்பே பூனையை மணல் தட்டு, தண்ணீர், கூடு ஆகியவற்றோடு குளியலறையில் விட்டுக் கதவைப் பூட்டுங்கள். கதவில் "திறக்கவேண்டாம், உள்ளே பூனை" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டுங்கள். உதவிக்கு வந்த மைத்துனர் கை கழுவப் போகிற அறையும் அதுவாக இருந்தால், அவருக்கு வேறு குளியலறையைக் காட்டுங்கள். பூனை கடைசியாகக் காரில் ஏறவேண்டும். சாமான் லொறியின் பின்பகுதியில் ஒருபோதும் ஏற்றக்கூடாது. அங்கே காற்றோட்டமும் இல்லை, வெப்பக் கட்டுப்பாடும் இல்லை.

காருக்குள் கூடு பின்னிருக்கையில், இருக்கைப் பட்டியால் கட்டப்பட்டு, மெல்லிய துணியால் பாதி மூடப்பட்டிருக்கட்டும். காற்றுப்பை உள்ள முன்னிருக்கை கூடாது. முதல் ஒரு மணி நேரம் பூனை கத்தும், எச்சில் வடிக்கும், சில வேளை வாந்தியும் எடுக்கும். பிறகு பெரும்பாலும் அடங்கிவிடும். அந்த ஒரு மணி நேரத்தில்தான் பின்னால் இருக்கும் பிள்ளையோ அம்மம்மாவோ இரக்கப்பட்டுக் கூட்டைத் திறந்து மடியில் எடுப்பார்கள். பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்ப்பது என்று நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. நல்ல நேரம் பார்த்துப் புறப்படுங்கள், ஆனால் மடியில் மட்டும் பூனையை எடுக்காதீர்கள். ஓடும் காரில் விடுபட்ட பூனை ஓட்டுநரின் காலடியில், பிரேக் மிதிக்குக் கீழே போய் ஒளியும்.

காலையில் புறப்படுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பு சிறிதளவு உணவு கொடுத்தால் போதும், பெரிய சாப்பாட்டை இரவில் தங்குமிடத்தில் கொடுக்கலாம். பகல் முழுவதும் சிறுநீர் கழிக்காவிட்டால் பதற வேண்டாம். வளர்ந்த பூனைகள் பல, கார் ஓடிக்கொண்டிருக்கும்வரை அடக்கிக்கொள்ளும். பெற்றோல் நிலையத்தில் நிற்கும்போது, கூடு மூடியிருக்கிறதா என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லி உறுதிசெய்த பிறகே கார்க் கதவைத் திறப்பது என்று குடும்பத்துக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வெளியில் 24 பாகைதான் என்றாலும், நிறுத்திய காருக்குள் அரை மணி நேரத்தில் 40 பாகையைத் தாண்டிவிடும் என்பதால், சாப்பிட எல்லோரும் ஒன்றாக இறங்காமல் ஒருவர் காரில் இருக்கவேண்டும்.

சூ செயின்ற் மரீக்கும் வாவாவுக்கும் இடையில் 200 கிலோமீற்றருக்கு மேல் காடும் ஏரியும்தான். கைத்தொலைபேசி பல இடங்களில் வேலை செய்யாது, ஆகவே பெற்றோலை முன்கூட்டியே நிரப்புங்கள். அந்திக்குப் பிறகு மூஸ் மான்கள் வீதிக்கு வரும் என்பதால் வெளிச்சம் இருக்கும்போதே தங்குமிடம் சேரவேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை பனிப்புயலில் 17ஆம் நெடுஞ்சாலையை மூடிவிடுவதுண்டு. 2016 ஜனவரியில் நிப்பிகன் ஆற்றுப் பாலத்தின் தளம் மேலெழுந்து வீதி துண்டிக்கப்பட்டபோது, கனடாவுக்குள் மாற்றுப்பாதை ஒன்றுமே இருக்கவில்லை. எனவே பூனையின் உணவு, மணல், மருந்து ஆகியவற்றை ஐந்து நாளுக்கல்ல, எட்டு நாளுக்காவது எடுத்துவையுங்கள். தண்டர் பேக்கு மேற்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். மருந்து வேளையைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல், கடைசியாகக் கொடுத்ததிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள்.

மோட்டல்களில் பூனையை ஏற்பவை உண்டு, ஆனால் ஒரே நிறுவனத்தின் கிளைகளுக்குள்ளேயே விதி வேறுபடும் என்பதால், இணையத்தில் பதிவு செய்தபின் அந்தக் கிளைக்கே தொலைபேசியில் பேசி உறுதிசெய்யுங்கள். அறைக்குள் போனதும் கூட்டைத் திறக்காதீர்கள். முதலில் கட்டிலின் அடிப்பாகத்தைப் பாருங்கள். கீழே இடைவெளி இருந்தால் பெட்டிகளையும் தலையணைகளையும் வைத்து அடையுங்கள். இல்லையென்றால் காலை ஆறு மணிக்குக் கட்டிலைத் தூக்கும் வேலை வரும். பிறகு குளியலறையில் மணல் தட்டை வைத்து, பூனையை அங்கேயே முதலில் விடுங்கள். இதற்கு மலிவான அலுமினியத் தட்டுகள் போதும், மணல் மட்டும் வீட்டில் பயன்படுத்திய அதே வகையாக இருக்கட்டும். "தொந்தரவு செய்யவேண்டாம்" என்ற அட்டையை வெளியே மாட்டுங்கள். இரவுணவு வாங்க வெளியே போவதானால், போகும் நேரத்தில் பூனை கூட்டுக்குள் இருக்கட்டும்.

முதல் நாள் பூனை சாப்பிடாமல் இருப்பது வழமை. இரண்டாம் நாளும் ஒன்றும் தொடாவிட்டால் வழியிலுள்ள வைத்தியரை அழையுங்கள். பூனைகள், குறிப்பாகப் பருத்த பூனைகள், சில நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்புப் படிந்து கடுமையாக நோயுறும். ஆண் பூனை மணல் தட்டில் திரும்பத் திரும்ப முக்கியும் சிறுநீர் வராவிட்டால் அது அவசர நிலை, அடுத்த ஊர் வரட்டும் என்று காத்திருக்கக்கூடாது. சட்பரி, சூ செயின்ற் மரீ, தண்டர் பே, கெனோரா ஆகிய ஊர்களில் உள்ள மிருக வைத்தியசாலைகளின் இலக்கங்களைப் புறப்படுமுன் தாளில் எழுதிவையுங்கள்.

கல்கரிக்குப் போய்ச் சேர்ந்தபின் முழு வீட்டையும் ஒரேயடியாகத் திறந்துவிடாமல், ஓர் அறையில் சில நாள் வைத்திருங்கள். அங்கே ஒழுங்காகச் சாப்பிட்டுத் தட்டைப் பயன்படுத்தத் தொடங்கியதும் மற்ற அறைகளைக் காட்டலாம். ஊரில் பூனை வேலி தாண்டி எங்கும் போய்வரும், ஒருவரும் கேட்கமாட்டார்கள். கல்கரியில் பூனையை வெளியே அலையவிடுவது நகரச் சட்டத்துக்கு மாறானது, ஓநாய் போன்ற கயோட்டிகளும் குடியிருப்புகளுக்குள் வருகின்றன. (எலி பிடிக்கவாவது விடலாமே என்பவர்களுக்கு: அல்பேர்ட்டா 1950 முதல் எலி ஒழிப்புத் திட்டம் நடத்தும் மாகாணம். பூனைக்குச் சுண்டெலிகள் மட்டுமே மிச்சம்.) மூன்று மாதம் நிரம்பிய ஒவ்வொரு பூனைக்கும் நகரசபையின் உரிமம் வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். இணையத்திலோ 311 என்ற இலக்கத்திலோ பெறலாம், கருத்தடை செய்த பூனைக்குக் கட்டணம் குறைவு. மைக்ரோசிப் பதிவில் புதிய முகவரியை மாற்றுவதையும் அதே நாளில் முடித்துவிடுங்கள்.